ஒரே வாக்கியம்

செயின்ட் பாலில் பிப்ரவரி கடைசி.
சட்டக் கல்லூரியின் கீழ்த்தளத்தில்
கண்டுபிடித்தவர்களுக்கு இலவச ஆலோசனை.
ஒரு ஹீட்டர், மூன்று நாற்காலி.
நாலாவது ஆள் வந்தால் நான்
பிரிண்டர்மேல் உட்கார்ந்துகொள்வேன்.

ஐலி ரன்டாலா, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
சுரங்க ஊர் எவெலெத்திலிருந்து
மூன்றரை மணி நேரம் பனியில் வண்டியோட்டி வந்து
கோட்டைக் கழற்றாமலே மேசையில் வைத்தார்,
ரொட்டிப் பையில் சுற்றிய ஒரு கொக்கியை.
உடைந்த வைப்பரின் கம்பி, கொஞ்சம் ரப்பர்.
கோட்டின் கீழ்முனையை அது பிடித்துக்கொள்ளும்.
ஒற்றைக் கை போதும், ஜிப் ஏறிவிடும்.

"வெர்னுக்கு இடக்கை வராது. பக்கவாதம்.
நான் மாட்டிவிடப் போனால்
ஜன்னலில் ஏதோ இருப்பதுபோல் திரும்பிக்கொள்வார்."
அதற்குமேல் சொல்லவில்லை.
ஹோதன் எழுதிக்கொண்டாள்:
பயன், குளிர்கால உடை.

பிறகு எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள்,
யாருக்காவது விற்றீர்களா?
"சர்ச் சந்தையில். பதினாலு. ஒன்று நாலு டாலர்."
எப்போது?
"போன மார்ச், செயின்ட் உர்ஹோ நாளுக்கு
முந்தின சனிக்கிழமை."
நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில்
காலண்டரைப் பார்த்தோம்.
விற்ற நாளிலிருந்து ஓராண்டு,
அதற்குள் விண்ணப்பம் போகவேண்டும்.
பதினோரு நாள் இருந்தது.

பா ஞியா படம் வரைந்தாள்.
பத்து, கொக்கி. பன்னிரண்டு, வளைவு. பதினாலு, ரப்பர்.
எண் இல்லாமல் ஒரு கை,
புள்ளிக்கோட்டில்.
உரிமை கோராததை
அப்படி வரைவதுதான் வழக்கம்.

கோரிக்கை எழுதுவது என் பங்கு.
அதற்கு ஒரு விசித்திர விதி உண்டு:
எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியம்,
ஒரே முற்றுப்புள்ளி.
எச்சத்தின்மேல் எச்சமாய் ஏறிப்போய்
கடைசியில்தான் மூச்சு விடலாம்.

*உடையின் கீழோரத்தைப் பற்றும் முதல் கரமும்,
அதிலிருந்து வளைந்து பயனரின் இடுப்பில்
ஊன்றி நிற்கும் இரண்டாம் கரமும்,
இரண்டுக்கும் நடுவே நழுவாமல் தாங்கும்
குறைந்தது ஒரு மீள்திறன் திண்டும்
உள்ளடங்கிய ஒரு கருவி.*

கம்பி என்றால் பிளாஸ்டிக்கில் செய்து தப்பிப்பான்.
ரப்பர் இரண்டு என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வான்.
யார் அவன்?
இதுவரை வராத, வராமலேயும் போகக்கூடிய
ஒரு திருடனுக்காக
எட்டு ராத்திரி வேலி பின்னினேன்.
வைப்பர் போயிற்று. ரப்பர் போயிற்று.
கோட்டு, "உடை" ஆயிற்று.
பனி எந்த வரியிலும் பெய்யவில்லை.

ஒன்பதாம் நாள் ஐலி போனில் அழைத்தார்,
பிள்ளைகளை இறக்கிவிட்ட காலிப் பேருந்திலிருந்து.
"படித்தேன். மூன்று தடவை.
இதில் வெர்ன் எங்கே?"

இரண்டாவது வரி, என்றேன்.
பயனர்.

பதில் இல்லை.
வைப்பர் போய்வரும் சத்தம் மட்டும்.
புதிதாக ஏறும் பையனைப் பார்ப்பதுபோல்
அந்தச் சொல்லை அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.
"சரி," என்றார், "உட்காரட்டும்."

பிறகு, "அந்தப் பதினாலு பேர்?
திருப்பித் தரவேண்டுமா?"
வேண்டாம், வாங்கியது அவர்களுடையது.
"நல்லது. ஒன்று பாதிரியாரிடம் இருக்கிறது."

பத்தாம் நாள், இரவு பதினொன்று நாற்பது.
கட்டணப் பிரிவு என்ற கட்டத்தில்
ஆகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தோம்.
அனுப்பினோம். ஒரு எண் வந்தது.
அதற்குமேல் வேறெதுவும் வராமல்
இரண்டு வருஷம்கூட ஆகலாம்.
ஹோதன் ஹீட்டரை அணைத்தாள்.

வாசலில் மைனஸ் பத்தொன்பது.
இடக்கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு
வலக்கையால் ஜிப்பைக் கோர்க்கப் பார்த்தேன்.
முனை வழுக்கியது. மறுபடி. மறுபடி.
பா ஞியா உதவ வந்தாள்.
நான் திரும்பிக்கொண்டேன்,
தெருவில் ஏதோ இருப்பதுபோல்.
கடைசிப் பேருந்து வரும்வரை
கோட்டு திறந்தே கிடந்தது.